பாடுவோர் பொருளறிந்து பாடுக!



ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்திய இரவில் திருத்தணிகை மலைப்படிகளை நோக்குக. ஓராண்டின் நாள்களைக் குறிப்பனவாகக் கூறப்பெறும் 365 படிகளிலும், படிக்கொரு பாட்டாகத் திருப்புகழ் பாடிய வண்ணம் அடியார் கூட்டங்கள் மேலேறுகின்றன. வெள்ளையராட்சிக் காலத்தில், சனவரி முதல் நாளன்று ஆங்கில அதிகாரிகளின் வாயில்தோறும் காத்துநின்று வாழ்த்துரைத்த நம்மவரைத் தணிகை முருகன் வாயிலுக்குத் திருப்பவே இப்படி விழாவைத் தோற்றுவித்தார் வள்ளிமலைச் சச்சிதானந்த அடிகள். மைசூர் அரண்மனையில் சமையற்பணி செய்தவர் அவர். திருப்புகழின்மேற் கொண்ட காதலால், அகவை முதிர்ந்த பின்னரே தமிழெழுத்துக் கற்றார் என்பர். பாட்டுக்காக எழுத்துக் கற்றவர் அவர். எழுத்துக் கற்றிருந்தும் பாட்டின் பொருளைக் கல்லாதவர் இன்றைய நம் பாடகருட் பலர். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இத்திங்கள் நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள்.

இசைகற்ற ஒருவன் அரங்கேறத் தக்கவனாக ஆவது எவ்வாறு? சுரமறிதல் ஒன்று; தாளமறிதல் ஒன்று; குரலும் கையும் சொன்னபடி கேட்குமாறு பழக்குதல் ஒன்று. இம்மூன்றையும் நம் ஆசிரியன்மார் கண்ணுங் கருத்துமாகக் கற்பிக்கின்றனர். அதில் நமக்குக் குறையொன்றும் இல்லை. நான்காவது ஒன்று உண்டு. தான் பாடும் சொல் இன்னது, அதன் பொருள் இன்னது, அதனை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நீட்ட வேண்டும், கேட்போன் நெஞ்சில் அது எவ்வாறு சென்று தைக்கும் என்று அறிதலே அந்நான்காவது. அதுவே கற்றவனைக் கலைஞனாக்குவது. அதுவே இன்று கைவிடப்பட்டுக் கிடப்பது.

இந்நான்காவதன் தேவையை நம் முன்னோர் அறியாதவரல்லர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டுக. மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். அவளை அரங்குக்கு அணியமாக்கியோர் யாவர்? ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் ஆகியோரொடு, தமிழை முழுதும் அறிந்த புலவன் ஒருவனும் அக்குழுவில் அமர்கின்றான். அதுமட்டுமன்று, இசையாசானுக்குரிய தகுதிகளை அடுக்குமிடத்தில், பாட்டை யாத்த புலவனின் உட்குறிப்பை உணர்ந்திருத்தலையும் ஒரு தகுதியாக இளங்கோவடிகள் வைக்கின்றார். இசையரங்கில் சொல்லறிவுடையான் ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்பது அன்றைய ஒழுங்கு. இன்றைய இசைவகுப்பில் அவனுக்குரிய இருக்கை வெறுமையாகக் கிடக்கின்றது.

இனி, நம் நாட்டின் வெவ்வேறு இசைமரபினர் அரங்கேறும் ஆற்றலை எவ்வெவ்வாறு பெறுகின்றனர் என்று காண்போம்.

ஓதுவாரை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் ஆசிரியன் வாய்கேட்டு, பதிகம் பதிகமாக நெஞ்சில் ஏற்றுகின்றார். பண்ணும் பாட்டும் பிரியாமல் ஒன்றாகவே அவருள் இறங்குகின்றன. பயிற்சி முடிந்தபின் அவர் நிற்கும் அரங்கு, நாடோறும் ஒரே கருவறை வாயில். கைதட்டுவார் அங்கில்லை. சில நாளில் கேட்பாரும் இல்லை. தாளத்தை விடுத்து விருத்தமாகப் பாடுங்கால் அவருக்குத் துணையாவது சொல் ஒன்றே. சொல் எங்கே முடிகின்றதோ அங்கே மூச்சு. பொருள் எங்கே உருகுகின்றதோ அங்கே பண்ணின் விரிவு. சொல்லறியாத ஒருவனால் விருத்தம் பாடவே இயலாது.

அடுத்து நாகசுரக் கலைஞர். இவர்தம் கருவிக்கு வாய்ச்சொல் இல்லை. ஆயினும் பழைய மேளக்காரர் வீடுகளில் பிள்ளையின் கையிற் குழலைக் கொடுக்குமுன் வாய்ப்பாட்டைப் பயிற்றினர். தோடிப் பண்ணாற் பெயர்பெற்ற திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையும் (1898–1956) முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றவரே. பின்னர் மாணாக்கன் மேளத்தொடு செல்வான், தாளம் போடுவான், ஒத்து ஊதுவான். ஆசான் பின்னே நின்று, இறைவன் திருவுலாவில் தெருத்தெருவாக நடந்து, எந்தத் தெருமுனையில் எதனை எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்பதைக் காலாலும் காதாலும் கற்பான். தவில் பயில்வோனும் அவ்வாறே சொற்கட்டுகளை முதலில் வாயாற் சொல்லிப் பழகிய பின்னரே தோலில் அவற்றை ஒலிப்பிக்கின்றான். சொல் முதலிலும் கருவி அடுத்தும் வருவதே இம்மரபினர் கண்ட முறை.

மூன்றாவதாகத் தெருக்கூத்தர். தொண்டைநாட்டுத் திரௌபதியம்மன் விழாக்களில் பொழுது சாய்ந்து தொடங்கிப் பொழுது விடியும்வரை பாரதக் கூத்து நிகழ்த்துவோர் இவர். கூத்துக் கற்கும் சிறுவனுக்குச் சான்றிதழும் இல்லை, பாடநூலும் இல்லை. தாளம் தட்டுகின்றான், பின்பாட்டுப் பாடுகின்றான், சிறு வேடம் தாங்குகின்றான், ஆண்டுகள் சென்றபின் பெரிய வேடம் வாய்க்கின்றது. கட்டியங்காரன் திடுமெனக் கேட்கும் கேள்விக்கு அந்நொடியிலேயே விடையிறுக்க வேண்டும். எதிரே தரையில் அமர்ந்திருக்கும் உழவர்க்குக் கதை முழுதும் தெரியும். சொல் பிறழ்ந்தால் சிரிப்பர். பொருள் பிறழ்ந்தால் எழுந்து போவர். அவ்வவையினும் கடுமையான தேர்வாளர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

இம்மூன்று மரபுகளும் ஒன்றையொன்று ஒவ்வாதன. ஒன்று கருவறை முன்னது, ஒன்று தெருவுலாவினது, ஒன்று களத்துமேட்டினது. ஆனால் மூன்றும் ஒருமிக்கச் சொல்லும் உண்மை ஒன்றுண்டு. ஆசானுக்கு அருகில் நெடுநாள் நின்றும், சொல்லைக் கருவிக்கு முன்னே வைத்தும், மொழியறிந்த மக்கள் முன்னிலையில் பிழைசெய்து திருந்தியுமே கலைஞன் உருவாகின்றான்.

நான்காவதாக எஞ்சி நிற்பது மேடையிசை. கருநாடக இசை என்று பெயர் சூட்டப்பெற்ற நம் இசை. இங்கே பயிற்சியின் ஒழுங்கைப் பாருங்கள். முதலில் சரளி வரிசை, பின்னர் சண்ட வரிசை, தாளவரிசைகளாம் அலங்காரங்கள். இவை சொல்லற்ற சுரங்கள். அடுத்துப் புரந்தரதாசர் பெயரால் வழங்கும் கீதங்கள், அவை தமிழல்ல. அதனை அடுத்து வருணங்கள். அவற்றுட் பெரும்பாலான தெலுங்கு. அதன்பின்னரே கீர்த்தனைகள், அவற்றுள்ளும் தமிழ் பலவிடங்களில் கடைசிப் பந்திக்கே வந்து சேர்கின்றது. ஐந்தாறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தால் விளைவென்ன? பாட்டின் சொல் என்பது பொருளற்ற ஓர் ஒலி. அதனைக் கேட்டபடி ஒப்பித்தல் போதும் என்னும் பழக்கம் பிள்ளையின் செவியில் ஊறிவிடுகின்றது. அதன்பின் தமிழ்ப்பாட்டே வந்தாலும், அதனையும் அயன்மொழிப் பாட்டாகவே அப்பிள்ளை பாடுகின்றது. தமிழ்ப்பிள்ளை தமிழைத் தமிழறியாதான் போலப் பாடும் இக்கொடுமைக்கு அப்பிள்ளை பொறுப்பன்று. பயிற்சியின் ஒழுங்கே பொறுப்பு.

இது வெறும் மொழிப்பற்றாற் கூறும் குறையன்று. இசையின் உள்ளிருந்தே எழும் குறையாகும். மேடையிசையில் முதிர்ந்தோர்க்குரிய பயிற்சிகளுள் நிரவல் என்பது ஒன்று. பாட்டின் ஓரடியை எடுத்துக்கொண்டு, தாளத்துக்குள் அடங்குமாறு, அதே சொற்களைப் பலபடியாகப் புதிய இசையில் நிரப்பிக் காட்டுவதே நிரவல். 'தணிகைமலை நின்றானைக் கண்டேன்' என்று ஓர் எளிய தொடரை எடுத்துக்காட்டுக்காக நாமே அமைத்துக்கொள்வோம். சொல்லறிந்தவன் 'தணிகைமலை' என்று நிறுத்தி மலையைக் காட்டுவான். 'நின்றானை' என்று நீட்டி நின்ற நிலையைக் காட்டுவான். 'கண்டேன்' என்று முடித்துத் தன் களிப்பைக் காட்டுவான். சொல்லறியாதவனோ 'தணிகைம' என்று வெட்டி, 'லைநின்றா' என்று இழுத்து, 'னைக்கண்டேன்' என்று முடிக்கின்றான். தாளம் தவறவில்லை, சுரம் தவறவில்லை, பாட்டு மட்டும் செத்துக் கிடக்கின்றது! 'பழம்' அவன் வாயில் 'பலம்' ஆகின்றது; 'அழகு' 'அலகு' ஆகின்றது. நிரவலிற் சிறந்தவன் என்று அவையோரும் தலையசைக்கின்றனர். தலையசைப்போரும் அதே பள்ளியிற் பயின்றவரல்லரோ?

திருப்புகழ் இத்தேர்வை மேலும் கடுமையாக்குவது. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் அப்பாடல்களை எந்தப் பண்களிற் பாடினார் என்பது நமக்கு வந்து சேரவில்லை. சந்தம் மட்டும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பில் 'தனதன' என்றாற்போலச் சந்தக்குழிப்பு அச்சிடப்பெற்றிருப்பதைக் காண்பீர். அச்சந்தம் ஓரிடத்தில் மடங்கும். சொல்லோ வேறோரிடத்தில் முடியும். சந்தத்தை மட்டும் பின்பற்றினால் சொல் சிதையும். சொல்லை மட்டும் பின்பற்றினால் சந்தம் முறியும். இரண்டையும் ஒருங்கே காத்துப் பாடுவதே முதிர்ந்த பயிற்சி. அதற்கு வேண்டிய துணையும் நம்மிடம் இல்லாமலில்லை. வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர்தோறும் ஏடுதேடித் திருப்புகழைத் தொகுத்து அச்சேற்றினார். அவர் மகனார் வ. சு. செங்கல்வராய பிள்ளை, இம்மலையின் பெயராலேயே 'தணிகைமணி' எனப் பெற்றவர், அதற்கு உரையும் கண்டார். உரை இருக்கின்றது, பாடுவோர் அதனைத் திறந்து பார்ப்பதில்லை.

தணிகைக்கு இசைவரலாற்றில் இன்னுமோர் இடமுண்டு. முத்துச்சாமித் தீட்சிதர் (1775–1835) தம் முதற் கீர்த்தனையை இம்மலையிலேதான் இயற்றினார். அதன் இராகம் மாயாமாளவகௌளை. அதன் மொழி வடமொழி. இன்று இசை கற்கும் ஒவ்வொரு பிள்ளையும் சரளி வரிசையைத் தொடங்குவது இதே இராகத்தில்தான். தேவாரத்தின் இந்தளப் பண்ணை ஓதுவார்கள் இன்று பாடிவருவதும் இதே இராகத்தில்தான்! அங்ஙனமாயின், சரளி வரிசை முடித்த பிள்ளைக்கு அடுத்த பாடமாக இந்தளப் பதிகம் ஒன்றைக் கற்பிக்கத் தடை என்ன? சுரம் அதே சுரம். கற்ற குரல் அதே குரல். கூடுவது தாய்மொழிச் சொல் ஒன்றே. இத்துணை எளிய மாற்றத்தையும் செய்ய நம் பாடத்திட்டக்காரர்க்கு மனம் வரவில்லையெனின், தடையாயிருப்பது இசையிலக்கணம் அன்று. பழக்கத்துக்கு அடிமைப்பட்ட நெஞ்சே.

பொருளறிந்து பாடுவது மேடைக்கு ஒவ்வாது என்பார்க்கு, இவ்வட்டாரத்திலேயே விடை இருக்கின்றது. தணிகைக்குத் தெற்கே காஞ்சியில் வாழ்ந்த நாயினாப் பிள்ளை (1889–1934), தாளக் கணக்கில் நிகரற்றவர் எனப் பெயர் பெற்றவர். பல தாளக் கருவிகள் புடைசூழ அவர் பாடிய அரங்குகளில் திருப்புகழுக்குத் தனிச்சிறப்பு இருந்தது. அவரிடம் குருகுலமாக இருந்து கற்றவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975). அவரிடம் பல்லாண்டு குருகுலமிருந்து கற்றவர் மதுரை சோமு (1919–1989). சோமு விருத்தம் பாடினால் இசையிலக்கணம் அறியாத எளிய மக்களும் கண்கலங்கக் கேட்டனர். ஆளத்தியிலோ தாளத்திலோ அவர் எவர்க்கும் குறைந்தவரல்லர். மூன்று தலைமுறையாக ஆசான் வீட்டிற் கிடந்து கற்ற கல்வியும், சொல்லின் உயிரறிந்து பாடிய தமிழும் ஒரு குரலிற் கூடியதால் விளைந்த வெற்றி அது.

'இசைக்கு மொழியில்லை' என்று சிலர் முழங்குவர். ஆளத்திக்கு மொழியில்லை, ஒப்புகின்றோம். பாட்டுக்கு மொழியுண்டு. மொழியில்லையெனின் பாட்டில் சொல் எதற்கு? மேனாட்டாரைப் பாருங்கள். அங்கே இசைநாடகம் பாடுவோர் இத்தாலியம், செருமானியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் பாட நேரும்போது, ஒலிப்பைத் திருத்த மொழிப்பயிற்றுநர் ஒருவரை வைத்துக்கொள்கின்றனர். சொல்லுக்குச் சொல் பொருளெழுதிக் கொண்டு பயில்கின்றனர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சாசு இசையில் பெரும்புகழ் பெற்ற இலெசுட்டர் யங் (1909–1959) சாக்சபோன் என்னும் ஊதுகருவியை வாசித்தவர். சொல்லே இல்லாத கருவி அது. ஆயினும், ஒரு பாட்டின் சொற்களை அறியாமல் அதனை வாசித்தல் ஆகாது என்பது அவர் கொள்கை. நம் மேளக்காரர் வாய்ப்பாட்டை முன்வைத்ததும் அவர் கொள்கையும் ஒன்றே. கடலுக்கு அப்பாலும் உண்மை உண்மைதான்.

இங்கே ஒன்றைத் தெளிவுற உரைத்தல் வேண்டும். நாம் தெலுங்குக்குப் பகைவரல்லேம். தணிகை எல்லைப்புற ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் உலவும் ஊர். எல்லைக்கு அப்பால் உள்ள தெலுங்குப் பிள்ளை தியாகராசர் பாட்டைப் பாடும்போது தன் தாயிடம் கேட்ட சொல்லையே பாடுகின்றது. அதன் நிரவலில் சொல் உடைவதில்லை. அத்தியாகராசரும் திருவையாற்றில் இருந்துகொண்டு தம் தாய்மொழியிலேயே பாடினார். அஃது அவர்க்குரிய உரிமை. அவ்வுரிமையைத்தான் நம் பிள்ளைக்கும் கேட்கின்றோம். தெலுங்குப் பாட்டைப் பயில விரும்பும் தமிழ்ப்பிள்ளை அதனைப் பொருளறிந்து, ஒலிப்பறிந்து பயிலட்டும். பொருளறியாமற் பாடுவது தமிழுக்கு இழுக்காவதோடு தெலுங்குக்கும் இழுக்கே.

தமிழ்மக்களே! இம்மண் எளிதாக மீண்ட மண்ணன்று. மங்கலங்கிழார் இவ்வடபுலத்து ஊர்களில் நடந்து நடந்து தமிழ் கற்பித்தார். ம. பொ. சிவஞானம் தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் எழுந்தது. மக்கள் சிறை சென்றனர். 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் திருத்தணிகை தமிழகத்தொடு இணைந்தது. மேடையிலும் ஒரு போராட்டம் நடந்தது. 1941-இல் அண்ணாமலை நகரில் அண்ணாமலை அரசர் முன்னின்று தமிழிசை மாநாடு கூட்டினார்; 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. மண்ணும் மீண்டது, மேடையும் ஓரளவு மீண்டது. மீளாதது ஒன்று, அதுதான் பயிற்சிக்கூடம். பயிற்சிக்கூடம் மீளாதவரை, மீண்ட மேடையில் ஏறுவோன் தமிழைத் தப்பும் தவறுமாகவே பாடுவான். அடுத்த தலைமுறை, தமிழ்ப்பாட்டு அழகற்றது என்று அவன் பாட்டைக் கேட்டே முடிவு கட்டிவிடும். நாம் அஞ்சுவது இதற்கே.

ஆகவே நாம் வேண்டுவன இவை:

ஒன்று: இசைப்பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வரிசைப் பாடங்களை அடுத்து முதற்பாட்டு தமிழ்ப்பாட்டாகவே இருத்தல் வேண்டும். இந்தளப் பதிகம் ஒன்றில் தொடங்குக.

இரண்டு: எம்மொழிப் பாட்டாயினும், சொற்பிரித்துப் பொருள்கூறிய பின்னரே சுரங்கூற வேண்டும். தேர்வில் மாணாக்கன் தான் பாடும் அடியின் பொருளைத் தன் சொல்லால் உரைத்த பின்னரே நிரவல் பாட வேண்டும்.

மூன்று: மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூவாண்டுப் பயிற்சி குரலிசைக்கும் உண்டு, தேவாரத்துக்கும் உண்டு, நாகசுரத்துக்கும் தவிலுக்கும் உண்டு. ஒரே கூரையின்கீழ் இருக்கும் இவர்கள் ஒருவர் வகுப்பில் ஒருவர் அமர்தல் வேண்டும். குரலிசை மாணாக்கன் ஓதுவாரிடம் விருத்தம் கேட்கட்டும். கூத்தாசிரியரையும் அழைத்து, அவை எதிரே நிற்கும் துணிவைக் கற்கட்டும்.

நான்கு: தணிகைப் படிவிழா போன்ற நாள்களில், பயிலும் இளைஞர்க்குப் பாட இடம் கொடுக்க வேண்டும். கற்றது அரங்கேறும் இடம் மக்கள் நடுவே அன்றி வேறில்லை.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா, புதுக்கட்டடம் வேண்டா, சட்டமும் வேண்டா. ஆசிரியர் மனம் வைத்தாற் போதும். பெற்றோரே, உங்கள் பிள்ளை இன்று கற்றுவந்த பாட்டின் பொருள் யாதென்று இன்றிரவே கேளுங்கள். விடை வாராவிடில், நாளை அதன் ஆசிரியரிடம் பணிவோடு கேளுங்கள். அங்கும் விடை வாராவிடில், எங்கிருந்து திருத்தம் தொடங்க வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.

இளைஞரே! குரல் உமக்குண்டு, உழைப்பும் உமக்குண்டு. சொல்லையும் உமதாக்கிக் கொள்க. பொருளறிந்து பாடுக, தமிழறிந்து பாடுக, தலைநிமிர்ந்து பாடுக!

வெல்க தமிழ்!